நான்கு நாள்காட்டிகள்

2023ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களும் எங்கள் ஜூரோங் வெஸ்ட் வீட்டுச் சமையலறைச் சுவரில் மூன்று நாள்காட்டிகள் தொங்கின. ஒன்று, நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் போட்ட தமிழ்த் தினசரி நாள்காட்டி. அம்மா வாங்கிக் கொடுத்தது. இரண்டாவது, பிள்ளைகளின் பள்ளி அட்டவணை. மூன்றாவதை நானே ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு வரைந்தேன். சிவப்பு மையில் வீட்டை விற்கும் தேதிகள், நீல மையில் வாங்கும் தேதிகள். இரண்டு நிறங்களும் கடைசியில் ஒரே கட்டத்துக்குள் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று மாதங்களில் என் எடை நான்கு கிலோ குறைந்தது.

நான்காவதாக ஒரு நாள்காட்டியும் இருந்தது. அது எங்கள் வீட்டில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் அம்மா விழுந்ததில் தொடங்கியது. ஈசூனில் ஒரு மூவறை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அப்போது அவருக்கு 74 வயது. மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கைப்பேசி கூடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி, வழக்கமாகத் திறந்திருக்கும் கதவு மூடியே இருக்கிறதே என்று தட்டிப் பார்த்து, உள்ளே முனகல் கேட்டு ஆளைக் கூப்பிட்டார். அதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. எனக்குத் தகவல் வந்தபோது நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி ஈசூன் போய்ச் சேர்ந்தபோது அம்மா மருத்துவமனையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு எலும்பில் முறிவு. “இடுப்பு தப்பிச்சுது. முருகன் காப்பாத்திட்டான்” என்றார். அந்த ரயில் பயணத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மூட அவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்களோடு வந்துவிடுங்கள் என்று நானும் கணவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அங்கேயும் போக மாட்டார்.

“என் கோயில் இங்க இருக்கு. என் மார்க்கெட் இங்க இருக்கு. ஜூரோங்ல வந்து யார் முகத்தப் பாத்துக்கிட்டு உக்கார்றது? நீங்க காலையில போனா ராத்திரிதான் வர்றீங்க.”

அவர் சொன்னது தப்பில்லை. புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் அவருக்குத் தெரியாத முகமே கிடையாது. அந்த வட்டாரத்தை விட்டுப் பிடுங்கினால் விழாமலேயே விழுந்துவிடுவார். “அத்தை வரலேன்னா நாம போவோம்” என்று கணவர்தான் முதலில் சொன்னார். எங்கள் நான்கறை வீட்டை விற்றுவிட்டு, ஈசூனில் அம்மா வீட்டருகே ஓர் ஐந்தறை வீடு வாங்குவது என்று முடிவானது. பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. அதுவும் ஒரு தெம்பு.

முதல் அதிர்ச்சி கணக்குப் போட்டபோது வந்தது. ஜூரோங் வெஸ்ட் வீட்டை 2009ல் 270,000 வெள்ளிக்கு வாங்கினோம். இப்போது ஐந்து லட்சத்துக்கு மேல் போகும் என்றார்கள். இரட்டிப்பு என்று நாங்கள் இருவரும் மனத்துக்குள் ஒரு பெரிய தொகையை எண்ணி வைத்திருந்தோம். முகவரான பெண்மணி பொறுமையாக ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 505,000 வெள்ளிக்கு விற்றால், மீதிக் கடன் ஏறத்தாழ 123,000 வெள்ளி போகும். வீட்டுக்காக நாங்கள் மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த பணமும், அது அங்கேயே இருந்திருந்தால் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்று சேர்ந்திருக்கக்கூடிய வட்டியும் திரும்ப மசேநி கணக்குக்கே போக வேண்டும். அது மட்டும் ஏறத்தாழ 266,000 வெள்ளி. அதில் வட்டி பங்கே ஐம்பதாயிரத்தைத் தொட்டது. முகவர் கட்டணமும் போகக் கையில் ரொக்கமாக நிற்பது ஏறத்தாழ 105,000 வெள்ளி.

“நம்ம பணத்துக்கு நாமளே வட்டி கட்டுறதா?” என்றார் கணவர். நம் கணக்குக்குத்தானே போகிறது, புதிய வீட்டுக்கு அதையே பயன்படுத்தலாமே என்று முகவர் சமாதானம் சொன்னார். உண்மைதான். ஆனால் இரண்டாவது முறையாக வீவக கடன் வாங்கும்போது, விற்ற ரொக்கம் முழுவதையும் நாமே வைத்துக்கொள்ள முடியாது. அதில் பாதி அல்லது 25,000 வெள்ளி, எது அதிகமோ அதைத்தான் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் புதிய வீட்டுக்குப் போக வேண்டும். கடனையும் 65 வயதுக்குள் கட்டி முடிக்கும் கணக்கில்தான் தருவார்கள். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் எங்களுக்கு இருபது ஆண்டுகூடக் கிடைக்காது. அன்று இரவு நாங்கள் வரைந்து வைத்திருந்த புதிய சமையலறைப் படத்தை நான் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்த கேள்வி, முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா?

முதலில் வாங்கிவிட்டு ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்கலாம் என்று விதி இடம் தருகிறது. அது மசேநியிலும் வங்கியிலும் கைநிறைய வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் பணம் முழுக்க ஜூரோங் வெஸ்ட்டின் நான்கு சுவர்களுக்குள் இருந்தது. வீவகவில் ஒரு வசதி உண்டு. விற்பனையையும் வாங்குவதையும் ஒரே நாளில் முடித்து, விற்ற பணத்தையும் மசேநிக்குத் திரும்பிய பணத்தையும் அன்றே புதிய வீட்டுக்குச் செலுத்திவிடலாம். அந்த வசதியை நம்பித்தான் இறங்கினோம். ஆனால் அதற்கு இரண்டு பரிவர்த்தனைகளும் கைகோத்து நடக்க வேண்டும். ஒன்று தடுக்கினால் இரண்டும் விழும்.

“மொதல்ல விப்போம். காசு கைக்கு வரட்டும்” என்பது கணவர் கட்சி. “அம்மா பக்கத்துல வீடு அமையுறதே அபூர்வம். அமைஞ்சா விடக்கூடாது” என்பது என் கட்சி. ஜூலை மாதம் முழுவதும் இந்த வழக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வீட்டுத் தகுதிக் கடிதம் வந்தது. விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்தோம். வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் இன ஒருங்கிணைப்புக் கொள்கை எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. 1989 முதல் இருக்கும் கொள்கை. ஒரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் இவ்வளவு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு. பள்ளியில் படித்திருக்கிறேன், நல்லது என்று தேர்வில் எழுதியும் இருக்கிறேன். விற்கப் போகும்போதுதான் அது எங்களுக்கு என்ன செய்யும் என்று புரிந்தது. எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்திருந்தது. அதாவது, சீனர் ஒருவர் எங்கள் புளோக்கில் இன்னொரு சீனரிடமிருந்து வாங்கலாம். எங்களிடமிருந்து வாங்க முடியாது.

ஆகஸ்ட்டில் ஓர் இளம் சீனத் தம்பதி வந்தார்கள். எங்கள் வீடு அவர்களுக்கு அப்படிப் பிடித்துவிட்டது. 520,000 வெள்ளி தருகிறோம் என்றார்கள். எங்களால் தர முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. வரம்பு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். யாராவது ஒரு சீனக் குடும்பம் வெளியேறிக் கணக்கு மாறினால் கதவு திறக்கலாம். அவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். செப்டம்பர் முதல் தேதி காலை, தேர்வு முடிவு பார்ப்பதுபோல் கணினியைத் திறந்தேன். மாற்றமில்லை.

கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. அதே வீடு, அதே மாடி, பக்கத்து வீட்டுக்காரர் விற்றால் ஒரு விலை, நாங்கள் விற்றால் வேறொரு விலையா? பதினைந்தாயிரம் வெள்ளி எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. அதே சமயம், என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் துவண்ட இரவு, வலப்பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்தான் என் மகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். அன்று அம்மா வீட்டுக் கதவைத் தட்டியதும் ஒரு சீன ஆண்ட்டிதான். அவர்கள் எல்லாம் எங்கள் பக்கத்தில் தற்செயலாக வந்து அமைந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். முழுக்கத் தற்செயல் இல்லை. அந்த இரண்டு எண்ணங்களும் எனக்குள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

ஈசூன் பக்கம் இதே கதை தலைகீழாக இருந்தது. அம்மா வீட்டைச் சுற்றியுள்ள பல புளோக்குகளில் இந்தியர்களுக்கான வரம்பு நிறைந்திருந்தது. அங்கே நாங்கள் இந்தியர், பிற இனத்தவர் பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் வாங்க முடியும். வாரக் கணக்கில் தேடினோம். செப்டம்பர் மூன்றாவது வாரம், அம்மாவின் கோயில் தோழி ஒருவர் வழியாகத் தகவல் வந்தது. இரண்டு புளோக் தள்ளி ஒரு தமிழ்ப் பெரியவர் ஐந்தறை வீட்டை விற்கிறார், மகன் வீட்டுக்குப் போகிறார் என்று. போய்ப் பார்த்தோம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் அம்மாவின் புளோக் தெரிந்தது. நான் அந்தச் சன்னலருகே நின்ற விதத்தைப் பார்த்தே கணவர் தோற்றுவிட்டார்.

612,000 வெள்ளி. செப்டம்பர் 23, சனிக்கிழமை, ஆயிரம் வெள்ளி கொடுத்து ஆப்ஷன் வாங்கினோம். எங்கள் வீடு இன்னும் விற்கவில்லை.

ஆப்ஷன் 21 நாள்தான் உயிரோடிருக்கும். 21ஆம் நாள் மாலை நான்கு மணிக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் ஆயிரம் வெள்ளியும் போய்விடும், வீடும் போய்விடும். நீல மையில் அக்டோபர் 14ஐ வட்டமிட்டேன். ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீடு 600,000 என்று வந்தது. விலைக்கும் அதற்கும் இடையே உள்ள 12,000 வெள்ளிக்கு மசேநியும் உதவாது, கடனும் உதவாது. ரொக்கம்தான். அதோடு முத்திரை வரி 12,960 வெள்ளி. கணவர் எதுவும் பேசவில்லை. தாளில் அந்த எண்களை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அக்டோபர் முதல் தேதி. கணினியைத் திறந்தேன். சீனர் வரம்பு அப்படியே இருந்தது. அந்தத் தம்பதி மாலையில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வேறு இடத்தில் பார்த்துவிட்டோம், மன்னிக்கவும் என்று. அவர்கள் மேல் என்ன குறை?

மூன்று நாள் கழித்து ஓர் இளம் மலாய்த் தம்பதி வந்தார்கள். அவர் பேருந்து நிறுவனத்தில் வேலை, மனைவி தாதி. அவருடைய தாயார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். அவர்களும் அம்மா பக்கத்தில் வீடு தேடுகிறவர்கள்தான். 500,000 என்றார்கள். நாங்கள் 510,000 கேட்டோம். 505,000ல் முடிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று முகவரிடம் கேட்டேன். “உங்க பக்கம் கடிகாரம் ஓடுது. அவங்க பக்கம் ஓடல” என்றார். முதலில் வாங்கியதன் விலை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அக்டோபர் 5ஆம் தேதி அவர்களுக்கு ஆப்ஷன் கொடுத்தோம். அவர்களுக்கும் 21 நாள். சிவப்பு மையில் அக்டோபர் 26.

கணக்குப் புரிகிறதா? நாங்கள் வாங்குவதை 14ஆம் தேதிக்குள் உறுதிசெய்ய வேண்டும். எங்களிடம் வாங்குகிறவர்களுக்கோ 26ஆம் தேதிவரை நேரம் இருக்கிறது. இடையில் 12 நாள். நாங்கள் உறுதிசெய்து மேலும் நாலாயிரம் கட்டிய பிறகு அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால், அவர்களுக்கு நட்டம் ஆயிரம் வெள்ளி. எங்களுக்கு ஐயாயிரம் மட்டுமல்ல, ஒப்பந்தத்தை மீறினோம் என்ற வழக்குகூட வரலாம். அவர்களை அவசரப்படுத்தவும் முடியாது. 21 நாள் அவர்கள் உரிமை.

13ஆம் தேதி இரவு எங்களுக்குள் நடந்தது வாக்குவாதம் என்று சொல்ல முடியாது. சத்தமே இல்லை. மகள் உயர்நிலை மூன்று, அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் மெதுவாகச் சொன்னார்: “நான் அப்பவே சொன்னேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் அப்பவே சொன்னேன்.” எனக்கு அழுகை வந்தது. ஆயிரம் வெள்ளியோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது அம்மா தொலைபேசியில் அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, “எனக்காக இருக்குற வீட்ட வித்துட்டு அலையாதீங்க புள்ள. நான் இனிமே பாத்து நடந்துக்குறேன்” என்றார். ஒரு சின்னக் குழந்தை இனிமேல் விழமாட்டேன் என்று சத்தியம் செய்வதுபோல் இருந்தது.

கணவர் கைப்பேசியை எடுத்து வெளியே நடைபாதைக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். அந்த இளைஞரிடமே பேசியிருக்கிறார். சுற்றி வளைக்காமல் எங்கள் நிலையைச் சொல்லி, “தம்பி, நீங்க உறுதியா வாங்குறீங்களா? இல்லேன்னாலும் பரவாயில்ல, இப்பவே சொல்லிடுங்க” என்று கேட்டாராம். “அபாங், மதிப்பீடு விலைக்குச் சரியா வந்துடுச்சு. கடனும் பிரச்சினை இல்ல. என் மாமியார் ஜோகூர்லேருந்து வந்து ஒருதடவ வீட்டப் பாக்கணும்னு என் மனைவி ஆசைப்படுறா. அவ்வளவுதான். வாங்குவோம்” என்று அவர் சொன்னாராம். எழுத்தில் இல்லை, சாட்சி இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் வாய்ச்சொல். மறுநாள் காலை ஈசூனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம்.

அதன் பிறகு வந்த நாட்களை வரிசையாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம். அந்த மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசலில் நான் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி அருகே நெடுநேரம் நின்றார். ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். 25ஆம் தேதி மாலை முகவர் அழைத்தார். “போட்டுட்டாங்க” என்றார். நான் அலுவலகத்துக் கழிப்பறையில் போய் நின்று முகம் கழுவிக்கொண்டேன்.

இரண்டு விண்ணப்பங்களும் போயின. நவம்பர் 12 தீபாவளியை அந்த வீட்டில் கடைசித் தீபாவளி என்று சொல்லிச் சொல்லியே கொண்டாடினோம். வீவக விண்ணப்பத்தை ஏற்ற நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு வாரத்தில் ஒப்படைப்பு. தேதி வந்தது. 2024 ஜனவரி 3, புதன்கிழமை. சிவப்பும் நீலமும் ஒரே கட்டத்தில். வெற்றி என்று கணவர் அந்தக் கட்டத்தில் சிரிக்கும் முகம் வரைந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் தன் நாள்காட்டியைப் பார்த்தார்.

“மார்கழியில பால் காய்ச்சுறதா? யாராச்சும் செய்வாங்களா?”

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் யாருக்காக இந்த வீட்டை வாங்கினோமோ அவர் முகம் சுருங்கினால் பிறகு எதற்கு வீடு? தை பிறக்க ஜனவரி 15 ஆக வேண்டும். 3ஆம் தேதி எங்கள் வீடு எங்களுடையது இல்லை. நடுவில் 12 நாள், திரும்பவும் அதே பன்னிரண்டு. பள்ளிவேறு ஜனவரி 2ல் தொடங்குகிறது. மகள் அந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதப் போகிறவள். பெட்டி படுக்கையோடு உறவினர் வீட்டில் அவளை உட்கார வைக்க முடியுமா?

இதற்கும் ஒரு வழி இருப்பதாக முகவர் சொன்னார். வாங்குபவர் சம்மதித்து, வீவகவும் அனுமதித்தால், விற்றவர் ஒப்படைப்புக்குப் பிறகும் மூன்று மாதம்வரை அதே வீட்டில் தங்கலாம். வேறு வீடு வாங்க உறுதியாகியிருக்க வேண்டும். அது எங்களுக்கு இருந்தது. விண்ணப்பத்தோடு கேட்டிருந்தால் இன்னும் நல்லது, இப்போதாவது கேட்டுப் பாருங்கள் என்றார். இந்த முறை நானும் கணவரோடு போனேன். பக்கத்துத் தெருவில் அவருடைய தாயார் வீட்டில் சந்தித்தோம். கையில் முறுக்கும் அதிரசமும்.

மார்கழியை நான் எப்படி விளக்குவேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தேவைப்படவில்லை. “உங்களுக்கு நல்ல மாதம் பிறக்கணும், அவ்வளவுதானே?” என்றார் அந்த அம்மாள். பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டினார். அதுதான் நான் சொன்ன நான்காவது நாள்காட்டி. மார்ச் 12ல் நோன்பு தொடங்குகிறது. அதற்குள் சுவருக்குச் சாயம் அடித்து, மகனும் மருமகளும் குடியேறிவிட வேண்டும். முதல் நோன்பு சொந்த வீட்டில். “ஜனவரி கடைசியில விட்டாலும் எங்களுக்கு நேரம் இருக்கு” என்றார். வாடகை தருகிறோம் என்றோம். வேண்டாம் என்றுவிட்டார்கள். சமையலறை அலமாரிகளை மட்டும் கழற்றாமல் விட்டுப் போங்கள் என்றார் இளைஞர். அவருடைய மனைவி கொஞ்சம் தயங்கி, “கறிவேப்பிலைச் செடியும்” என்றார். “எங்கம்மாவுக்கு அதுமேல ஒரு கண்ணு.”

ஜனவரி 3ஆம் தேதி காலை தோ பாயோ வீவக நடுவத்தில் கையெழுத்துகள் முடிந்தன. அன்று மாலை நாங்கள் ஜூரோங் வெஸ்ட் திரும்பியபோது அதே சாவியால் அதே கதவைத் திறந்தோம். ஆனால் வீடு வேறொருவருடையது. மகன் சுவரில் பந்தைத் தட்டினான். “டேய், அடுத்தவங்க வீடு” என்று கணவர் அதட்டினார். பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக.

தை முதல் வாரத்தில் அம்மா பார்த்துச் சொன்ன நாளில் ஈசூனில் பால் பொங்கியது. அதற்குள் குளியலறைகளில் வழுக்காத தரையும் கைப்பிடிகளும் பொருத்திவிட்டோம். அம்மாவின் வீட்டிலும் பொருத்தியாயிற்று. மகள் அந்த ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து ரயில் ஏறி ஜூரோங்கில் இருந்த பள்ளிக்குப் போனாள். ஒருநாளும் குறை சொல்லவில்லை என்று எழுத ஆசை. நிறையவே சொன்னாள். அந்த விலையை அவள் கட்டினாள். அதை நான் மறக்கக்கூடாது.

எங்களைப்போல் ஒரு வீட்டை விற்று இன்னொன்று வாங்க நினைக்கும் இளம் குடும்பங்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எது முதலில் என்று. கணவர் சொன்னதுதான் சரி என்று சொல்கிறேன். கையில் பெரிய சேமிப்பு இல்லாதவர்கள், வாங்குபவர் ஆப்ஷனை உறுதிசெய்த பிறகு தாங்கள் ஆப்ஷன் வாங்குவதே நல்லது. விலையைப் பார்த்து மகிழாமல், மசேநிக்குத் திரும்ப வேண்டியதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். விலைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே வரக்கூடிய ரொக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் புளோக்கின் இன வரம்பை விற்க நினைத்த நாளிலேயே பாருங்கள், ஒவ்வொரு முதல் தேதியும் பாருங்கள். தங்கும் நீட்டிப்பு வேண்டுமானால் ஆரம்பத்திலேயே கேளுங்கள். நாங்கள் செய்தது திட்டமல்ல. ஒரு நல்ல மனிதர் தன் சொல்லைக் காப்பாற்றினார், அதனால் பிழைத்தோம். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

சென்ற மாதம் ஜூரோங் வெஸ்ட் பக்கம் போக வேண்டியிருந்தது. வலப்பக்கத்து மக்சிக்கைப் பார்க்க மேலே ஏறினேன். எங்கள் பழைய வாசலில் கறிவேப்பிலைச் செடி தோள் உயரம் வளர்ந்திருந்தது. நான் இருந்தபோது அது இடுப்பைத் தாண்டியதில்லை. கதவு சாத்தியிருந்தது. ஒரு கொத்துப் பறிக்கலாமா என்று கை நீண்டது. அடுத்தவர் வீடு என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டேன். மக்சிக் தன் சன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தார். “எடுத்துக்கோ. நானே தினமும் அங்கதான் பறிக்கிறேன்” என்றார்.

அன்று இரவு ரசத்துக்கு அந்தக் கறிவேப்பிலையைத் தாளித்தேன். சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தால் அம்மா வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு அணைந்தது. நானும் போய்ப் படுத்தேன்.